கம்பெனி பஸ் கண்ணாடியில் மாரப்பன்

மயிலாளின் வீட்டுக்காரன் மாரப்பன், குன்னத்தூர் ரோட்டில் ஒரு சாயப்பட்டறைக்கு வாட்ச்மேன். அவன் டார்ச்சைப் பிடித்துச் சுற்றி வந்ததைவிடக் குறட்டை விட்டதுதான் அதிகம். போன மழைக்காலத்தில் ஒருநாள் அதிசயமாக எழுந்து சுற்றப் போனவன், கழிவுத் தொட்டிக்குள் விழுந்து செத்தான். அதோடு பட்டறையையும் மூடிவிட்டார்கள்.

மயிலாள் பனியன் கம்பெனியில் செக்கிங். ஓட்டையும் கறையும் உள்ள பீஸைப் பிரித்துத் தள்ளுகிற வேலை; நின்று அழ நேரம் கிடையாது. சாயங்காலம் கம்பெனி பஸ் அந்தப் பட்டறையைத் தாண்டித்தான் போகும். அந்த இடம் வந்தால் குனிந்து டிபன் பாக்ஸைத் தேடுவாள்.

கார்த்திகைச் சாரலில் ஒருநாள், டெய்லர் அக்ஷரா மூடிய ஜன்னல் வழியாக வீடியோ எடுத்தாள். இருண்ட பட்டறைக்கு மேலே வட்டமாய் ஒரு வெளிச்சம், ஆடி ஆடி பஸ்ஸோடு கூடவே வந்தது.

"மாரப்பண்ணன் டார்ச்சுதானுங்க அது," என்று யாரோ சொல்ல, மறுநாளே கம்பெனியில் எல்லார் செல்போனிலும் மாரப்பன் டூட்டி பார்த்தான்.

மயிலாள் பயப்படவில்லை. முகம் கழுவி, தலைவாரி, ஜன்னலோரம் இடம் பிடித்தாள். வெளிச்சம் வந்ததும் உதட்டுக்குள்ளேயே திட்டுவாள்: "இப்ப மட்டும் தூக்கம் வரலீங்களாக்கும்."

அதுவும் கொஞ்ச நாள்தான். ஒரு சாயங்காலம், ரோடு சரியாகத் தெரியவில்லை என்று டிரைவர் உமர் உள்லைட்டை அணைத்தான். மாரப்பனும் அணைந்தான். போட்டான், மாரப்பன் வந்தான். கூரையில் இருந்த வட்ட பல்புதான் கண்ணாடியில் விழுந்து, வெளியே நிற்பதுபோல் தெரிந்திருக்கிறது. வழியெல்லாம் கடை வெளிச்சத்தில் அது கண்ணில் படவில்லை. பட்டறைப் பக்கம் கும்மிருட்டு. மயிலாள் யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்த பிறகும் ஜன்னலோரமே உட்கார்ந்தாள்.

இதற்குள் சில பெண்கள் பஸ் ஏற மறுத்துவிட்டார்கள். சூப்பர்வைசர் மகுடேஸ்வரன் ஒருநாள் பஸ்ஸில் ஏறிச் சொன்னார்: "வெள்ளிக்கெழம மந்திரவாதி வர்றாருங்க. பட்டறை கேட்டோரப் புளியமரத்துல ஆணி அடிச்சுக் கட்டீரலாம். அப்பறம் மாரப்பன் அசைய முடியாது."

அங்கே யாருமில்லை என்று மயிலாளுக்குத் தெரியும். ஆனாலும் அவன் பேரைச் சொல்லித்தானே அடிப்பார்கள்.

"கட்ட வேண்டாமுங்க," என்றாள். "அது அவரு இல்லீங்க. பல்பு."

"ஏனக்கா, இப்பத்தான் பாசம் பொங்குதாக்கும்," என்றது ஒரு பின்சீட்டுக் குரல்.

பட்டறை வந்தது. ஜன்னலில் வெளிச்சம் ஏறி நின்றது. மயிலாள் அதை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"உமரு தம்பி, லைட்ட நிறுத்துங்க."

நிறுத்தினான். வெளியே தொட்டிச் சுவர் மட்டும் கறுப்பாக நின்றது.

"போடுங்க."

வந்தது.

"நிறுத்துங்க."

"இதுக்கா நான் தாயத்துக் கட்டுனேன்," என்றாள் அக்ஷரா. பஸ்ஸே சிரித்தது. மகுடேஸ்வரன் மந்திரவாதிக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்றார்.

அன்றிலிருந்து உமர், பட்டறை வருவதற்கு முன்பே உள்லைட்டை அணைத்துவிடுகிறான். அக்கா மனசு கஷ்டப்படக் கூடாதாம். தாண்டிய பிறகுதான் போடுகிறான். போட்டே வையுங்கள் என்று அவனிடம் கேட்க மயிலாளுக்கு இன்னும் வாய் வரவில்லை.