வேணாம் அக்காவும் மாப்பிள்ளை வீட்டு வேலியும்

வாடிக்கையாளர் கையிலிருந்த வண்ண அட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, "வெளிய வாங்க" என்று கடைப் படியிறங்குகிறார் அக்கா. அந்த மனிதரும் பின்னாலேயே போகிறார். நடைபாதை வெயிலில் அட்டையை உயர்த்திப் பிடித்து, "கடைக்குள்ள எல்லாக் கலரும் நல்ல பிள்ளைங்கதான். வெயில்ல நிறுத்தினாத்தான் குணம் தெரியும். இப்பப் பாருங்க" என்கிறார். தோட்டத்து வேலிக்குத் தக்காளிச் சிவப்பு வேண்டுமென்று ஆசை ஆசையாக வந்தவர் கண்ணைச் சுருக்குகிறார். "வேணாம்" என்று அவருக்கும் சேர்த்து அக்காவே முடிவு சொல்லிவிட்டு உள்ளே திரும்புகிறார்.

பெயிண்டுக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு நாளெல்லாம் "வேணாம்" சொல்கிறவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வட்டாரம் முழுக்க அவருக்கு வேணாம் அக்கா என்றே பெயர். முதலாளி ஆரம்பத்தில் தலையில் கை வைத்துக்கொண்டாராம். அக்கா திருப்பியனுப்பிய ஆட்கள் மறுநாள் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து, அவர் சொன்ன நிறத்தையே வாங்கிப் போவதைப் பார்த்தபிறகு முதலாளி வாயைத் திறப்பதில்லை.

நானும் ஒரு காலத்தில் நீலம் கேட்டுப் போய் மாட்டிக்கொண்டவன்தான். வேலி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, நான் காப்பி குடிக்கிற ஜன்னலிலிருந்து அது தெரியுமா, வீட்டில் நாய் உண்டா, இருந்தால் எந்த உயரத்தில் உரசும்? வேலைக்கான நேர்முகத் தேர்வில்கூட என்னை இப்படிக் குடையவில்லை. கடைசியில் பாசிப்பச்சையைக் கையில் கொடுத்து, செய்முறையையும் பாடமாக ஒப்பித்தார். "பழைய பலகைமேல ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க தம்பி. உருண்டு ஓடுச்சுன்னா பெயிண்டும் ஓடிரும், தேய்க்கணும். மரம் தண்ணியக் குடிச்சிருச்சுன்னா பெயிண்டையும் குடிக்கும். அப்புறம், பலகையோட தலை. மழை முதல்ல உக்கார்ற இடம் அதுதான். எல்லாரும் முகத்துக்குப் பூசிட்டுத் தலைய மறந்துடறாங்க."

அவருடைய இடது மணிக்கட்டின் உள்பக்கத்தில் அன்று கலந்த நிறமெல்லாம் சின்னச் சின்னப் பொட்டுகளாக இருக்கும். டப்பாவில் ஒன்றாகவும் காய்ந்தபின் வேறொன்றாகவும் தெரியும் என்பதால், எதையும் தன் தோலில் காயவிட்டுப் பார்த்துத்தான் விற்பார். கடை முடிந்து வீட்டுக்கு நேர்வழியில் போகிற பழக்கமும் கிடையாது. தான் கலந்துகொடுத்த வேலிகள் எப்படி இருக்கின்றன என்று தெருத் தெருவாகப் போய், நகத்தால் சுரண்டி, குனிந்து அடிப்பக்கம் பார்த்துவிட்டுத்தான் போவார். ஒரு வீட்டில் திருடி என்று நினைத்து விளக்கைப் போட்டுவிட்டார்கள். "தலைக்கு ரெண்டாவது கோட் அடிக்கல நீங்க" என்று அவர்களையே அதட்டிவிட்டு வந்தாராம். ஆட்களின் பெயர் அவர் நினைவில் நிற்பதில்லை. "தேன் கலர்க்காரர் வீட்ல பொண்ணுக்கு வேலை கிடைச்சிருச்சாம்" என்பார். அவர் கணவர் சமையலறைக்கு மஞ்சள் வேண்டும் என்று கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார். சமையலறை இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

இப்பேர்ப்பட்ட அக்காவின் வாயைக் கட்டிப்போட ஓர் ஆள் வந்து சேர்ந்தார். அவர் மருமகன்.

மகளும் மருமகனும் குடியிருப்பது என் எதிர்வீட்டில். மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மருமகன் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்ப்பவர். அமைதியான மனிதர். மாமியார் தலை தெருமுனையில் தெரிந்ததுமே நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். என்ன சொன்னாலும் "சரிங்க அத்தை." அக்காவுக்கும் மாப்பிள்ளை என்றால் தேனில் தோய்த்த குரல்தான். அவர் முன்னால் ஒரு அதட்டல் கிடையாது, ஒரு "வேணாம்" கிடையாது.

ஒருநாள் மாலை மகள் வீட்டிலிருந்து கிளம்பியவர் என் வாசலில் நின்றார். "கல்யாணமாகி இத்தனை மாசமாச்சு தம்பி. இது எனக்குப் பிடிக்கலன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல அவரு. பிடிக்காததையெல்லாம் உள்ளயே பூட்டி வெச்சுக்கிட்டா, நாளைக்கு அது என் மக தலையிலதான் விடியும். நான் கத்திப் பேசறவ. அதுல பயந்துட்டாரோ என்னமோ." அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக அவர் ஏங்குவது எனக்குப் புரிந்தது.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து மாப்பிள்ளை வேலிக்குப் பெயிண்டு வாங்கக் கடைக்கு வந்தார். பிரஷ் வாங்கப் போயிருந்த நானும் அங்கே இருந்தேன். கடையே மூச்சைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது. அக்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை, வெயிலுக்கும் அழைத்துப் போகவில்லை. அட்டைக்கட்டை அவர் முன்னால் பணிவாக விரித்து வைத்தார். மேலாக இருந்தது வெளிறிய கத்தரிப்பூ நிறம். சற்றுமுன் வந்த ஆள் கேட்டு, அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போன நிறம். அந்த எரிச்சலில் அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தையின் கண் அதில்தான் இருக்கிறது என்று மாப்பிள்ளை கணக்குப் போட்டுவிட்டார்.

"இதுங்களா அத்தை?" என்று அட்டையைத் தொட்டார்.

மாப்பிள்ளை ஆசைப்பட்டு எடுத்துவிட்டார் என்று அக்கா கணக்குப் போட்டார். தொண்டையைச் செருமினார். "நல்லா இருக்கும் மாப்பிள்ளை" என்றார். முதலாளி என்னைப் பார்த்தார், நான் பிரஷ்களைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவே பிரஷ்களோடு வந்து இறங்கினார். இருவருமாகப் பலகைகளைத் தேய்த்தார்கள், தூசி துடைத்தார்கள், தலைகளுக்கு இரண்டு முறை பூசினார்கள். வேலையில் ஒரு குறை சொல்லமுடியாது. "நல்லா வருது மாப்பிள்ளை." "ஆமாங்க அத்தை." நாள் முழுக்க இதே பாட்டு. சாயங்காலம் என் ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு கத்தரித் தோட்டமே பூத்திருந்தது. ஜன்னலைச் சாத்தினேன்.

பணி முடிந்து வந்த மகள் தோள்பையோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். "இது யாரு கேட்ட கலரு?"

"அத்தைக்குப் பிடிச்சுது" என்றார் கணவர்.

"மாப்பிள்ளை ஆசைப்பட்டாரு" என்றார் அம்மா.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. மகள் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு என் வீட்டு அடுப்படிவரை கேட்டது. மாப்பிள்ளை தன் செருப்பைப் பார்த்தபடி நின்றார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பிரஷைக்கூடக் கழுவாமல் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். "ஒரு வேலிக்கே இப்படின்னா, மத்ததுக்கெல்லாம் அவரு என்ன பண்றாரு தம்பி?" என்று என் வாசலில் கேட்டுவிட்டுப் போனார். எனக்குப் பாவமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வெற்றுப் பலகையும் தேன் கலர் டப்பாவுமாக வந்தார். பலகையில் ஒரு முழம் பூசிக் காயவைத்து, வேலிக்கு முன்னால் வளர்ந்திருந்த கொடிக்குப் பின்னால், வேலியோடு சாய்த்தார். "எப்படி?"

"சரிங்க அத்தை."

அக்கா டப்பாவை மூடி, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "மாப்பிள்ளை, உங்க கடையில கண்ணாடி வாங்கிப் போட்டுக்கிட்டு, சரியாத் தெரியலேன்னா என்ன பண்ணுவாங்க?"

"வந்து சொல்லுவாங்க அத்தை."

"சொல்லலேன்னா?"

"தலைவலியோட திரிவாங்க."

"அவ்வளவுதான். இப்பச் சொல்லுங்க."

மாப்பிள்ளை பலகையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். நான் செடிக்குத் தண்ணீர் விடுவதுபோல் குனிந்துகொண்டேன். குழாயில் தண்ணீர் வரவில்லை. "எனக்கு இது பிடிக்கல அத்தை" என்ற குரல் கேட்டது.

"வேற எது பிடிக்கும்?"

"கரி நிறம். நல்ல கறுப்பா."

"கறுப்பா? வேலிக்கா?" தேன் தடவிய குரல் எங்கே போனதோ, கடைக்குரல் வந்துவிட்டது. "வெயில உறிஞ்சிப் பலகை வளைஞ்சு போகும். எங்க கடையில ஒருத்தருக்கும் நான் கொடுத்ததில்ல. வேணாம்."

"இங்க வெயில் எங்க வருது? பக்கத்து வீட்டு மரத்து நிழல் நாள் பூரா இருக்கு. நாள் முச்சூடும் லைட்டு வெளிச்சத்துல கண்ணாடியத் தேய்ச்சுட்டு வர்றேன். சாயங்காலம் கண்ணுக்குக் கூசாம ஏதாச்சும் இருந்தாத் தேவலைன்னு இருக்கு. பின்னாடி கறுப்பா இருந்தா இலையெல்லாம் எடுப்பாத் தெரியும்." மூச்சு வாங்கினார். சொல்ல ஆரம்பித்தவர் நிறுத்துவதாக இல்லை. "வேலி எங்க இருக்கு, வெயில் வருமா, எந்த ஜன்னல்ல இருந்து பாப்பீங்கன்னு ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் கேக்கறீங்க. என்னை மட்டும் ஒரு வார்த்தை கேக்கலியே அத்தை."

மாப்பிள்ளை மட்டும்தான் பூட்டி வைத்திருக்கிறார் என்று அத்தனை மாதமும் நினைத்திருந்தவர் அக்கா. மகள் கதவில் சாய்ந்து டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

அக்கா எழுந்து கடைக்குப் போய்க் கரி நிறத்தோடு திரும்பினார். பலகையின் மறுபாதியில் பூசி, காய்ந்ததும் கொடிக்குப் பின்னால் நிறுத்தினார். தேன் நிறத்தின் மேல் மங்கலாகக் கிடந்த இலைகள், கறுப்பின் மேல் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அக்கா தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். "தலைக்கு ரெண்டு கோட்" என்று மட்டும் சொன்னார்.

வேலை தொடங்கியது, சண்டையும்தான். அப்படி அடித்தால் வழியும் என்பார் அக்கா. இப்படி அடித்தால் பொழுது விடிந்துவிடும் என்பார் மாப்பிள்ளை. பாதி வேலியைத் தாண்டும்போது, மாப்பிள்ளை பூசிய பலகையில் ஒரு சொட்டு வழிந்து இறங்கியது. அதுவரை அவரை விரல் நுனியால்கூடத் தொட்டறியாத அக்கா, தோளால் ஓர் இடி இடித்து அவரை நகர்த்தப் பார்த்தார். மாப்பிள்ளை நகரவில்லை. காலை இன்னும் கொஞ்சம் அகட்டி ஊன்றிக்கொண்டு, அந்தச் சொட்டைத் தானே இழுத்துத் தேய்த்தார்.