இடப்பக்க ஸ்பிரிங்

பிச்சைமுத்துவுக்கு வாய் சும்மா இருக்காது. தோட்டத்து லாரியில் பிரேக் பிடிக்கவில்லை என்று மானேஜர் முகத்துக்கு நேரே கத்தி வேலையை இழந்தவர், 1978-இல் ஈப்போவை அடுத்த செமோரில் சொந்தமாகப் பட்டறை போட்டார்.

ஈப்போவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த முகம்மது கௌஸ் ஒருநாள் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார். இரண்டே சீட்டு, கூரை கிடையாது. அவரைத் திரும்ப அழைத்துப் போக மனைவி குல்ஜார் பேகம் டாக்சியில் வந்து காத்திருந்தார். கூரையில்லாத காரில் பெண்பிள்ளை போனால் ஊர் பேசும் என்று சொல்லி, கௌஸ் மனைவியை அந்தக் காரில் ஒருநாளும் ஏற்றியதில்லை.

பின்பக்க ஸ்பிரிங்குகளை மாற்ற வேண்டும். பட்டறையில் மெத்தென்று ஒரு ஜோடியும் கெட்டியாக ஒரு ஜோடியும் இருந்தன. பழையவற்றைக் கழற்றித் தரையில் வைத்துப் பார்த்த பிச்சைமுத்துவுக்கு எரிச்சல் வந்தது.

"ஓட்டுறவரு உக்காருறது வலப்பக்கம். இடப்பக்கம்தான் ரொம்பப் படுத்துக் கெடக்கு. பக்கத்து சீட்டுல யாரு பாய் தெனமும் வாராங்க? அது தெரிஞ்சாத்தான் எதப் போடுறதுன்னு சொல்ல முடியும்."

"யாருமில்ல லா. அரிசி மூட்ட ஏத்துவேன்."

"அரிசி மூட்டைக்கா பூப்போட்ட குஷன் வாங்கிப் போட்டிருக்கீங்க?"

கேட்ட பிறகுதான் கௌஸின் முகம் வெளிறியதைப் பிச்சைமுத்து பார்த்தார். குனிந்து பழைய ஸ்பிரிங்கைத் துடைக்கத் தொடங்கினார்.

குல்ஜார் பேகம் காரருகே நடந்து வந்தார். குஷனை உருவிக் கழிவு எண்ணெய் டின்னுக்குள் அமுக்கினார்.

"கெட்டியானதையே போடுங்கண்ணே. இனிமே அந்த சீட்டுல நான்தான் உக்காருவேன்."