நீதிமன்றத்தில் கரண்ட் போன நேரம்

எங்கள் குருநகரில் கரண்ட் போவது ஒரு புதினமில்லை. அதனால்தான் அன்று யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் லைற்றுகள் நூர்ந்து, தலைக்கு மேல் விசிறிகள் மெல்ல மெல்ல நின்றபோது, பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "கரண்ட் போட்டுது. இனி வந்தாப் பிறகுதான் தீர்ப்பு" என்று சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, எழும்புங்கோ. மரண தண்டனை வாசிக்கப் போகினம். அதுக்குத்தான் லைற்றையும் விசிறியையும் நூர்க்கிறவை."

கூண்டில் நின்றது என் தம்பி.

கொஞ்ச நேரத்துக்கு முன்புவரை அவனுக்குப் பக்கத்தில் சம்மாட்டியின் மகனும் நின்றான். தம்பி கடலுக்குப் போன படகு அவர்களுடையது. கரையில் நடந்த ஒரு சண்டையில் கத்திக்குத்துப் பட்டு ஒரு மனிதர் செத்துப்போனார். சண்டையில் இருவரும்தான் நின்றார்கள். கத்தி தன் கையில் இருக்கவில்லை என்று தம்பி தலையில் அடித்துச் சொன்னான். சம்மாட்டியின் மகனுக்குக் கொழும்பிலிருந்து பெரிய சட்டத்தரணிகள் வந்து சாட்சிகளைக் குடைந்தெடுத்தார்கள். எங்களுக்கு நீதிமன்றமே ஒருவரைப் பார்த்துத் தந்தது. நல்ல பிள்ளைதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் வழக்கு விளக்கம் தொடங்கிய அன்று காலை, விறாந்தையில் வைத்துத்தான் தம்பியிடம், "உம்மடை பேர் என்ன?" என்று கேட்டார். கத்தியை யார் பிடித்திருந்தது என்று சாட்சிகளிடம் அவர் கேட்கவேயில்லை. மற்றவனை விடுதலை என்று வாசித்தபோது விசிறிகள் நன்றாகத்தான் சுழன்றுகொண்டிருந்தன. அவன் இன்றும் எங்கள் ஒழுங்கையால்தான் மோட்டார் சைக்கிளில் போகிறான். என்னைக் கண்டால் வேகத்தைக் கூட்டுவான்.

இந்த நாட்டில் தூக்குத் தண்டனை விதிப்பார்கள், ஆனால் நீண்ட காலமாக யாரையும் தூக்கில் போட்டதில்லை. "உயிர் இருக்குத்தானே, பிறகென்ன?" என்று கோயில் வாசலில் ஆறுதல் சொல்ல வருகிறவர்களைப் பிடித்து உலுக்கவேண்டும்போல இருக்கும். யாராவது ஒரு அரசியல்வாதி, இனித் தூக்கில் போடத்தான் வேண்டும் என்று முழங்கினால் கோயிலுக்கு ஓடுவேன். இடைக்கிடை ஜனாதிபதியின் மன்னிப்பும் வரும். வசதியான வீட்டுப் பிள்ளை ஒருவன் மாலையும் கழுத்துமாகத் தொலைக்காட்சியில் நிற்பான். என் தம்பிக்காகக் கதைக்க நான் இருக்கிறேன். கேட்கத்தான் ஆளில்லை.

முடிந்தபோதெல்லாம் கொழும்புச் சிறைக்குப் போவேன். கம்பிக்கு அந்தப் பக்கம் தலை நரைத்துப்போய் நிற்பான்.

"இவ்வளவு தூரம் ஏனக்கா வந்தனி?" என்பான். போகாவிட்டால் ஏங்கிப்போய்விடுவான்.

போன முறை, "ஒடியல் கூழ் காய்ச்சினியோ?" என்று கேட்டான். கூழ் என்றால் அவனுக்கு உயிர்.

"நீ இல்லாமல் ஆருக்கடா காய்ச்ச?"

கொஞ்சம் சிரித்தான். பிறகு குரல் இறங்கிவிட்டது.

"நித்திரைதான் வருகுதில்லை அக்கா. இஞ்சை லைற் நூர்க்கிறேல்லை. ஒருக்கா எங்கடை வீட்டிலை, நல்ல இருட்டிலை, கடல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுக்கவேணும்."

பாவிகள். தண்டனையை வாசிக்க மட்டும் நூர்த்தார்கள்.

இப்போதெல்லாம் வீட்டில் கரண்ட் போனால் நான் மெழுகுதிரி தேடுவதில்லை. அவனுடைய பாயை விரித்து, அதன் ஓரத்தில் இருந்துகொள்வேன். கடல் நன்றாகக் கேட்கும். என் பிள்ளை இப்போது இங்கே கிடக்கவேண்டியவன் என்று பாயைத் தடவுவேன். பிறகு கரண்ட் வரும். விசிறி சுழலத் தொடங்கும். இனித்தான் நீதிபதி தம்பியின் தீர்ப்பை வாசிக்கப் போகிறார் என்று ஒவ்வொரு தடவையும் நம்பிவிடுகிறேன்.