கொக்கியைத் தட்டிவிட்டவன்

மைதீன் கட்டிய கட்டு அவிழவில்லை. அவிழ்த்துவிட்டவன் நான். கப்பலின் குறிப்பேட்டில் பொய் எழுதியவனும் நான். நாற்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது... உங்களுக்கு முன் யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

எங்கள் கம்பம் ஊரிலிருந்து கடலுக்குப் போனவர்கள் அதிகமில்லை. நான் படித்து, சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரியானேன். பக்கத்துத் தெரு மைதீனை அதே கப்பலில் சேர்த்துவிட்டதும் நான்தான். சரக்கைக் கட்டுவது அவன் வேலை. அவன் கை ஒருநாளும் பிசகியதில்லை.

கடலில் விழும் சரக்குக்கு எங்கள் பாடத்தில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. விபத்தில் தானாகப் போய் மிதப்பது ஃப்ளாட்சம். கப்பலைக் காப்பாற்ற மனிதன் தன் கையால் தள்ளுவது ஜெட்சம். பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று மிதவை கட்டி இறக்குவது லேகன். தேர்வில் இவற்றைப் பிழையில்லாமல் எழுதி நல்ல பெயர் வாங்கினேன். ஒன்றை இன்னொன்றாக மாற்றி எழுதினால் ஒரு மனிதனின் வாழ்க்கை போய்விடும் என்று யாரும் பாடம் நடத்தவில்லை.

ஒரு மழைக்கால மதியம். மேல்தளம் நிறைய மரத்தடிகள். கேப்டன் காய்ச்சலில் படுத்திருந்தார், பொறுப்பு என்னுடையது. பேரலை அடித்துக் கப்பல் சாய்ந்தது. இனி நிமிராது என்று தோன்றியது. தோன்றியது... அவ்வளவுதான்! கேப்டன் உத்தரவு இல்லாமல் சரக்கைத் தள்ளக் கூடாது. ஆனாலும் தனியாகப் போய், கட்டுச் சங்கிலியின் கொக்கியைச் சுத்தியலால் தட்டிவிட்டேன். சங்கிலியோடு தடிகள் கடலுக்குள் உருண்டு போயின. சற்று நேரத்தில் காற்றே தணிந்துவிட்டது.

கேப்டன் எழுந்து வந்து கேட்டபோது, "கட்டு சரியில்லை, அலை கொண்டுபோய்விட்டது" என்றேன். அது பயத்தில் வந்த பொய். மாலையில் உட்கார்ந்து அதையே குறிப்பேட்டில் எழுதினேனே, அதுவும் பயமா? இல்லை. அடித்தல் திருத்தல் இல்லாமல், நிதானமாக எழுதினேன்.

விசாரணையில் மைதீன் மறுத்துப் பேசவில்லை. "நாந்தாண்ணே சரியா இறுக்காம விட்டுட்டேன் போல" என்று என்னிடமே வந்து அழுதான். அவன் வேலை போயிற்று. அவனைச் சேர்த்துவிட்டவன் என்று எனக்கு ஒரு கண்டிப்பு, அவ்வளவுதான். பிறகு எந்தக் கப்பலும் அவனை ஏற்றவில்லை. பதவி உயர்வு வரட்டும், உண்மையைச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அந்த உண்மையை மிதவை கட்டித்தான் இறக்கியிருக்கிறேன் என்று நினைப்பு. பதவி உயர்வு வந்தது. அடுத்ததும் வந்தது. ஓய்வும் வந்தது...

ஊரில் அவன் திராட்சைப் பந்தல்களில் கொடி கட்டப் போனான். கட்டியதையே திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பான். "ஏலே, பாய் போட்ட முடிச்ச அவுக்கணும்னா அருவா கொண்டா" என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். அவனும் சிரிப்பான். அவன் ஏன் அப்படி இழுத்துப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரியும்.

ஒருநாள் வீட்டுக்கு வந்து கேட்டான். "அண்ணே, அன்னைக்கு கொக்கிய மாட்டுனது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. பெறகு எப்பிடி அவுந்துச்சு? நீங்க படிச்சவுக, சொல்லுங்க."

"கடல்ல எது வேணாலும் நடக்கும் மைதீனு. விடு" என்றேன்.

தலையாட்டினான். போகிற போக்கில் எங்கள் வீட்டுத் துணிக்கொடியை இழுத்துப் பார்த்து இறுக்கிக் கட்டிவிட்டுப் போனான்.

சென்ற மாதம் அவன் இறந்தான். பள்ளிவாசல் முற்றத்தில் ஜனாஸா தொழுகைக்கு முன், வழக்கப்படி அவன் மகன் எல்லோரையும் பார்த்துக் கேட்டான். "அத்தா யாருக்காச்சும் பாக்கி வச்சிருந்தா எங்கிட்டச் சொல்லுங்க. மனசு நோக நடந்திருந்தா மன்னிச்சிருங்க."

பிறகு, ஓரமாக நின்ற என்னிடம் வந்தான்.

"பெரியப்பா, கப்பல்ல உங்களுக்கு வந்த கெட்ட பேரு தன்னாலதான்னு அத்தா கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாக. மன்னிச்சிட்டேன்னு நீங்க வாயால ஒரு வார்த்தை சொல்லணும்."

கூட்டம் காத்திருந்தது. உண்மையைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான இடம் எனக்கு இனி வாய்க்காது. அது அந்தக் கணமே எனக்குத் தெரிந்தது.

"மன்னிச்சிட்டேன்பா" என்றேன்.

அவன் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.