தஞ்சோங் டாவாயில் சூரியப் புள்ளிகளும் என் உள்ளங்கைத் தழும்பும்

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை, சூரியனைப் பார்ப்பதற்காக லூனாஸிலிருந்து மேற்குக் கடற்கரையில் இருக்கும் தஞ்சோங் டாவாய் வரை போய் வந்தோம். சூரியன் லூனாஸிலும் தெரியும்தான். ஆனால் என் மனைவியின் தம்பி சுரேன், "மேக்கால மறைப்பே இருக்கக் கூடாது மச்சான்" என்றுவிட்டான். பினாங்கில் பொறியாளர், சொந்தமாகத் தொலைநோக்கி வைத்திருப்பவன். அவன் சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

எல்லாம் என் மகள் பிரவீனாவுக்காக. இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவம் படிக்கிறாள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு விண்வெளித் தொலைநோக்கிகளைப் பற்றிச் செய்யப்போகிறாள். அதற்குப் பூர்த்தி செய்து கொடுக்க ஒரு பாரம் இருக்கிறது. அதில் 'வழிகாட்டி' என்று ஒரே ஒரு கோடு. அந்தக் கோட்டில் யார் பெயர் ஏறும் என்பதுதான் மூன்று வாரமாக என் கவலை. நான் மூன்றாம் படிவத்தோடு புத்தகத்தை மூடியவன். பாடாங் மேஹா பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் வெல்டர். ஆனால் ஆசைப்படுவதற்குச் சான்றிதழா கேட்கிறார்கள்?

மதியம் 3.10க்குக் கிளம்பினோம். சுரேன் அங்கிருந்தே பினாங்கு திரும்ப வேண்டும் என்பதால் இரண்டு காடி, அதாவது இரண்டு கார்.

"அப்பா, நான் மாமா காடியில ஏறிக்கிறேன். டெலஸ்கோப்ப யாராவது புடிச்சிக்கணும்ல."

"சீட் பெல்ட்டு புடிக்காதா?"

"ப்ளீஸ் லா அப்பா."

சுங்கை பட்டாணி வழியாக 58 கிலோமீட்டர். வழியில் என்னென்ன பார்க்கலாம் என்று கேட்பீர்கள். வயல்கள் இருந்தனவாம். வலப்பக்கம் ஜெராய் மலை அழகாகத் தெரிந்ததாம். நான் பார்த்தது சுரேன் காடியின் பின்கண்ணாடியை மட்டும்தான். அதற்குள் இரண்டு தலைகள். சுங்கை பட்டாணி சிவப்பு விளக்கில் இரண்டும் ஒன்றாகக் குலுங்கிச் சிரித்தன. என் காடியில் அவள் கைப்பேசியைத் தவிர வேறு எதையும் பார்த்துச் சிரித்ததில்லை.

4.35க்குப் போய்ச் சேர்ந்தோம். கருவாட்டு வாசனையே வழி காட்டிவிடும். படகுத் துறைக்குப் பக்கத்தில், தேத்தண்ணிக் கடை ஓரமாகக் காடியை நிறுத்தலாம். காசு கேட்கவில்லை.

சுரேன் தொலைநோக்கியை நிறுத்தி, முன்வாயில் சூரிய வடிகட்டியை மாட்டிக்கொண்டிருந்தான். நான் மட்டும் வெறும் கையோடா போவேன்? ஆலையிலிருந்து என் வெல்டிங் கண்ணாடியைக் கொண்டுபோயிருந்தேன்.

"பிரவீனா, இங்க வா. மொதல்ல அப்பா கண்ணாடியில பாரு."

அவள் கண்ணருகே கொண்டுபோவதற்குள் சுரேன் பாய்ந்து வந்து கையால் மறைத்தான்.

"நம்பர் என்ன மச்சான்?"

"பதினொன்னு. இருவது வருசமா இதுலதான் பாக்குறேன்."

"அது வெல்டிங்குக்குச் சரி. சூரியனுக்குப் பதினாலு வேணும். புள்ள கண்ணு போயிரும்."

மெதுவாகத்தான் சொன்னான். அதுதான் தாங்கவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

தொலைநோக்கியில் சூரியன் ஆரஞ்சு வில்லை மாதிரி இருந்தது. நடுவில் இரண்டு கறுப்புப் பொட்டு. பிறகு சூரியனைப் படம் பிடிக்கவே அனுப்பிய விண்கலம் ஒன்று அன்று எடுத்த படத்தைக் கணினித் திரையில் காட்டினான். நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியில் எடுத்ததாம். அதே இடத்தில் பொட்டுக்கு மேலே நெருப்பு வளையம் வளையமாக எழும்பி நின்றது. "இங்க கறுப்பு, அங்க எரியுது! மாமா, நீங்க பெஸ்ட் லா!" என்று குதித்தாள். எனக்கும் மலைப்புதான். ஆனால் வாயைத் திறந்தால் அவனுக்கு இன்னும் மவுசு கூடிவிடுமே என்று கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

6.15க்கு மேகம் மூடியது. தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தோம். இழுத்து ஆற்றிய பால் தேத்தண்ணி, அதாவது தே தாரிக், மூன்று; எண்ணெயில் பொரித்த வாழைப்பழம் ஒரு தட்டு; மொத்தம் 11 வெள்ளி 40 காசு (மலேசிய ரிங்கிட்). சுரேன் இரண்டு படங்களைக் காட்டினான். ஒன்றில் விண்வெளித் தூசு கறுப்பாகத் திரண்டு நின்றது. அகச்சிவப்புத் தொலைநோக்கி எடுத்த மற்றதில் அதே தூசுக்குள் அத்தனை நட்சத்திரங்கள்.

கடைக்கார பாய் எட்டிப் பார்த்தார். "வெளிச்சமே தெரியலேன்னா எதத் தம்பி படம் புடிக்கிறாங்க?"

சுரேன் அலைநீளம், நிறமாலை என்று விளக்கினான். பாய் தலையாட்டிக்கொண்டே மேசையைத் துடைத்தார். பிரவீனாவும் தலையாட்டினாள். புரியாமல் தலையாட்டுகிற பழக்கம் அது. என்னிடமிருந்து போனது, எனக்குத் தெரியாதா?

"கறுத்த இரும்பு மாதிரி" என்றேன். சொல்லிக்கொடுக்கும் எண்ணமெல்லாம் இல்லை. அவன் பேச்சை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"வெல்ட் பண்ணதும் இரும்பு செவப்பா இருக்கும், ஒருத்தனும் தொட மாட்டான். கொஞ்ச நேரத்துல கறுத்துரும். வெளிச்சம் போயிரும், சூடு போகாது. அதனாலதான் வெள்ளச் சாக்குக்கட்டியில 'பானாஸ்'னு மலாய்ல எழுதி வெப்போம், சூடா இருக்குன்னு. ஒருநா எழுத மறந்துட்டு நானே எடுத்தேன்." வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.

பிரவீனா கையைப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டாள். "இது மோட்டார் சைக்கிள்லேந்து விழுந்ததுன்னுல்ல நெனச்சேன்."

"மோட்டார் பாவம். அது ஒன்னும் பண்ணல."

தழும்பை விரலால் தடவிப் பார்த்தாள். "அப்ப கண்ணுக்குத் தெரியாதத கை பாத்துருச்சு. மாமா, அந்த டெலஸ்கோப்பு அப்பா கை மாதிரியா?"

சுரேன் மேசையைத் தட்டினான். "அதேதான் லா! எனக்கு இது தோணவே இல்ல மச்சான்." தோற்றாலும் அழகாகத் தோற்கிறான், பாவி. அதோடு விட்டானா? அந்த அகச்சிவப்புத் தொலைநோக்கியைச் சூரியனுக்கு முதுகு காட்டி, நிழலில், கடுங்குளிரில் வைத்திருக்கிறார்களாம். தானே சூடாகிவிட்டால் தூரத்துப் பொருளின் சூடு அதற்குத் தெரியாதாம். எரிச்சலில் 58 கிலோமீட்டரும் ஜெராய் மலை கண்ணில் படாமல் வந்தவனுக்கு அது தெரியாதா?

ஏழு மணிக்குப் பிரவீனா பாரத்தை எடுத்தாள். 'வழிகாட்டி' கோட்டில் 'சுரேன் மாமா' என்று எழுதினாள். இரண்டு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி கசந்தது. கீழே 'கருவிகள்' என்ற கட்டத்தில் நெடுநேரம் எழுதிவிட்டு என் பக்கம் திருப்பினாள். தொலைநோக்கிப் படங்கள், இரும்புத் துண்டு, சாக்குக்கட்டி, அப்பாவின் வலது கை.

"கை மட்டும் போதுமா?"

"மத்ததும் கூடவே வந்துரும்லப்பா."

சுரேன் எட்டிப் படித்தான். "அப்ப எனக்குக் கையெழுத்து வேல மட்டும்தானா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டான், ஆனால் முகம் லேசாகச் சுருங்கியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்று நான் பார்த்ததில் ஆகச் சிறந்த காட்சி அதுதான்.

மேகம் விலகவே இல்லை. 7.25க்குக் கிளம்பி 8.35க்கு வீடு. பிரவீனா என் காடியில், என் கையைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

போக நினைப்பவர்களுக்கு: பெட்ரோல் எனக்கு 20 வெள்ளி ஆனது. ஐந்து மணிக்கு முன்னால் போய்விடுங்கள், சாயங்காலம் மேகத்தை நம்ப முடியாது. வடிகட்டி இல்லாத தொலைநோக்கியில் சூரியனைப் பார்க்கவே கூடாது. பதினாலுக்குக் குறைந்த வெல்டிங் கண்ணாடியை ஆலையிலேயே விட்டுவிடுங்கள். முடிந்தால் ஒரே காடியில் போங்கள். சுரேன் பதினாலாம் எண் கண்ணாடி ஒன்றை எனக்கு வாங்கி அனுப்பியிருக்கிறான். நல்ல கண்ணாடி. அதுவும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

கண்காட்சிக்கு வழிகாட்டிகள் பத்து மணிக்கு வந்தால் போதுமாம். கருவிகள் மட்டும் ஏழு மணிக்கே மேசையில் இருக்க வேண்டுமாம். நான் ஆறரைக்கே கிளம்பிவிடுவேன்.