அதே காய்ச்சல்

வரதன் நடந்துகொண்டே பேசமாட்டான். யாராவது கூப்பிட்டால் அப்படியே நின்றுவிடுவான். பேச்சு முடிந்த பிறகுதான் அடுத்த அடி. ராயபுரத்தில் பல பேர் அதைத் தலைக்கனம் என்று நினைத்தார்கள். "இன்னா மாமு, ஜமீன்தாராட்டம் நின்னு நின்னு வர்றே?" என்று கேட்டால், "காத்து வாங்கிக்கினு வரேன்பா" என்பான். அது கிண்டல் அல்ல. நடக்க ஒரு மூச்சு, பேச ஒரு மூச்சு என்று அவனிடம் இரண்டு மூச்சு கிடையாது.

துறைமுகத்து நிலக்கரிக் கிடங்கில் கூடை சுமப்பவன் அவன். மீசை முளைக்குமுன் தலையில் ஏறிய கூடை. நாற்பதைத் தொடுவதற்குள் நெஞ்சில் இழுப்பு குடியேறிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்தபடியே தூங்குவான். மடியில் எப்போதும் ஒரு துண்டு வெல்லம். உள்ளே போன கரித்தூளை அது இழுத்துக்கொண்டு இறங்கிவிடும் என்று நம்பினான். "நம்ம டாக்டரு இதாம்பா" என்று வாயில் போட்டுக்கொள்வான்.

ஐம்பத்தேழாம் வருஷத்துக் கோடையில் ஒரு காய்ச்சல் வந்தது. கப்பலில் வந்தது என்றார்கள். சந்துக்குச் சந்து படுத்தார்கள். அடித்துப் போட்டாற்போல் வலிக்கிறது என்று முனகினார்கள். நாலைந்து நாளில் எழுந்து வேலைக்குப் போனார்கள். அப்புறம் யாருக்கும் பயமில்லை.

வரதனும், அவன் மனைவி பூவம்மாவின் தம்பி ஜெயவேலும் ஒரே நாளில் விழுந்தார்கள். ஒரே அறை, ஒரே சட்டிக் கஞ்சி. வாரம் முடிவதற்குள் ஜெயவேல் எழுந்து உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு கேட்டான். "எய்ந்துரு மாமா, வெறும் ஜொரம்" என்று கையை நீட்டினான். வரதன் அந்தக் கையைப் பிடித்தான். வாய் திறந்தது; மூச்சு உள்ளே போகவில்லை. உதடு நீலம் பாரித்தது. கைரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

"எந்தம்பிக்கும் இதே ஜொரந்தான் சாமி. அவன் நல்லா கீறான். இவருக்கு மட்டும் இன்னாத்துக்கு இப்டி?" என்று பூவம்மா டாக்டரிடம் கேட்டாள்.

"காய்ச்சல் அதேதாம்மா. நெஞ்சு அதே இல்லையே. இவருக்கு ஏற்கெனவே பாதி போயிடுச்சு. மிச்சத்தை இது தின்னுக்கிட்டிருக்கு."



வரதன் பிழைத்தான். வாசலிலிருந்து தெருக்குழாய்வரை போவதற்குள் இருமுறை உட்கார வேண்டிய அளவுக்குப் பிழைத்தான். சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டாலே இளைத்தது. ஆறின கஞ்சியைத்தான் குடித்தான். ஊதிக் குடிக்க முடியவில்லை. பழைய கூட்டாளிகள் சில நாள் வந்து எட்டிப் பார்த்தார்கள். முன்பெல்லாம் நின்றாவது பேசுவான். இப்போது தலையை மட்டும் ஆட்டினான். அவர்களும் வருவதை விட்டார்கள்.

கிடங்கு மேஸ்திரி, வரதன் இடத்தில் பூவம்மாவைச் சேர்த்துக்கொள்கிறேன் என்றான்.

"வாணாம் பூவு" என்றான் வரதன். "அந்தக் கரி..."

"அடுப்பு எரியணும்ல? நீ சும்மா கெட."

இன்னும் நாலு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது அவனுக்கு. முதல் வார்த்தைக்கே இழுத்தது. அவள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மழைக்காலமும் பனியும் போயின. ஒரு சாயங்காலம் பூவம்மா குழாயடியில் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கைவரை கரி. அவளுக்கு இருமல் வந்தது.

வாசலில் உட்கார்ந்திருந்த வரதன் நிமிர்ந்தான். "இன்னா பூவு?"

"ஒண்ணுமில்ல. தொண்டைல தூசு."

மறுபடியும் இருமினாள். இந்த முறை நிற்காமல், குழாயைப் பிடித்துக்கொண்டு.

வரதன் மடியில் கிடந்த போர்வையை இழுத்துத் தலையைச் சுற்றிப் போட்டு, இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டான்.