பீட்ரூட் கோபியும் இரண்டு குச்சியும்

உடம்புக்கு நல்லது என்ற பெயரில் நான் செய்த கோபி மஞ்சூரியன் படுகேவலமாக இருந்தது. இன்றைக்கு நானே ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

போன வருடம் அண்ணனுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். எண்ணெயில் பொரித்ததைத் தொடவே கூடாது என்றார் டாக்டர். எதை விட்டாலும் கோபியை விடமாட்டான் என்று எனக்குத் தெரியும். ஸ்ரீராம்புரத்தில் டியூஷன் முடிந்து வரும்போது, தள்ளுவண்டியில் ஒரு ப்ளேட் வாங்கி, இரண்டு குச்சி கேட்டு, நின்றபடியே குத்திக் குத்தித் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். கலர் பொடியில் விரல் நுனி மறுநாள்வரை சிவந்திருக்கும். கடைசித் துண்டுக்கு அடிதடி நடக்கும்.

அவனை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. பயத்தில் செல்போனில் சமையல் வீடியோ பார்த்தேன். பளபளவென்று ஒரு அம்மணி, மைதாவுக்குப் பதில் ராகி மாவு, எண்ணெய்க்குப் பதில் ஏர் ஃப்ரையர், கலருக்குப் பதில் பீட்ரூட் சாறு என்றார். ருசிக்குப் பதில் என்ன என்று மட்டும் சொல்லவில்லை. மகராசி, ஜென்மத்தில் ஒரு தள்ளுவண்டி முன்னால் நின்றிருக்க மாட்டார்.

நான் அவரையும் மிஞ்சினேன். சோயா சாஸில் உப்பு அதிகம் என்று புளித்தண்ணீர் ஊற்றினேன். சனிக்கிழமைதோறும் அதை டிபன் பாக்ஸில் அடைத்து, ஜோகுபாளையத்தில் அண்ணன் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு, ஸ்கூட்டரைக்கூட அணைக்காமல் திரும்பிவிடுவேன். "சூப்பரா இருந்துச்சும்மா" என்று போனில் சொல்வான். நானும் நம்பி, ஆபீஸில் மூன்று பேருக்குச் செய்முறை எழுதிக் கொடுத்தேன். அவர்கள் அப்புறம் என்னோடு சாப்பிட உட்காரவே இல்லை. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை, பாக்ஸைக் கொடுத்துவிட்டுப் பெட்ரோல் போடப் போனேன். போட்டுவிட்டு வெளியே வந்தால், எதிரே ஒரு தள்ளுவண்டி. அண்ணன் கையில் ப்ளேட்.

முதலில் வண்டிக்காரர் மீது பாய்ந்தேன். "ஹார்ட் பேஷண்டுக்கு இதக் குடுக்கறியே, அறிவிருக்கா?"

"எனக்கென்னாக்கா தெரியும்? வாரா வாரம் வராரு. வெங்காயம் ஸ்வல்ப ஜாஸ்தி, ரெண்டு குச்சின்னு கேப்பாரு. தங்கச்சி வரும்னு சொல்வாரு."

ப்ளேட்டில் ஒரு குச்சி மசாலா படாமல் சுத்தமாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும் கத்த வந்தது பாதியில் நின்றுவிட்டது.

"அப்புறம் எதுக்குண்ணா சூப்பர் சூப்பர்னு சொன்ன?"

"நீ ஒரு வாய் தின்னு பாத்திருந்தா சொல்லிருக்க மாட்டேன்."

உண்மைதான். பெரிய தியாகி மாதிரி சமைத்தவள், ஒரு வாரம்கூட அதை வாயில் வைத்ததில்லை. சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு நெய் வழிய மசாலா தோசை. நினைக்கவே அசிங்கமாக இருந்தது.

அவனுடைய ப்ளேட்டைக் குப்பையில் போட்டுவிட்டு, இரண்டு புதுக் குச்சி வாங்கிக்கொண்டு, அவனோடு வீட்டுக்குப் போனேன். பாக்ஸைத் திறந்து ஒரு துண்டைக் குத்தி வாயில் போட்டேன். தொண்டையில் இறங்க மறுத்தது.

"கேவலமா இருக்குண்ணா."

"பாக்ஸக் குடுத்துட்டு ஓடாம, இப்படி உக்காரு. அப்புறம் நான் அந்த வண்டிக்குப் போக மாட்டேன்," என்றான் அவனும் ஒன்றைக் குத்திக்கொண்டே.

எப்படியோ தின்று தீர்த்தோம். கடைசியில் ஒரு துண்டு மிஞ்சியது. நான் அதை அவன் பக்கம் தள்ளினேன். அவன் என் பக்கம் தள்ளினான்.